சீனத்துத் துறைமுக நகரம் காணப் புறப்படுமுன்



நெடும்பயணத்துக்கு முதலில் வேண்டுவது பணம் என்று பலரும் எண்ணுவர். பணம் வேண்டுவதுதான், ஆயினும் அதற்கும் முன்னே வேண்டுவது ஒன்றுண்டு. அது காலத்தைப் பற்றிய அறிவு. செல்லும் நாட்டில் எந்த மாதத்தில் வெயில், எந்த மாதத்தில் புயல், எந்த வாரத்தில் திருவிழா என்பதை அறியாமல் புறப்படுவோன், கைப்பொருளைச் செலவிட்டு, காண விரும்பியதைக் காணாமலே திரும்பக்கூடும். பயணத்தைத் திட்டமிடுதல் என்பது நில நூல், வரலாறு, வானிலை நூல் ஆகிய மூன்றையும் ஒருங்கே பயில்வதற்கு ஒப்பாகும். இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்க விரும்புகிறேன். அந்த எடுத்துக்காட்டு, நாங்களே மேற்கொள்ளக் கருதியுள்ள பயணம்.

நாங்கள் நால்வர். மூவர் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். நான்காமவர் இன்னும் அரசுப் பள்ளியில் பணியாற்றும் ஆசிரியை, ஒருகாலத்தில் என்னிடம் நில நூல் பயின்றவர். கொட்டாம்பட்டியிலிருந்து புறப்பட்டு, சீன நாட்டின் தென்கிழக்குக் கரையில் உள்ள சுவான்சௌ என்னும் பெருநகரைக் கண்டு வருவது எங்கள் நோக்கம். எங்களுள் இருவர்க்கு முழங்கால் வலி உண்டு. ஓய்வூதியத்திலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்த தொகையே எங்கள் கைம்முதல். இத்தகைய பயணத்தை மறுமுறை மேற்கொள்வது எங்கள் வயதில் எளிதன்று. ஆதலின், ஒருமுறை செல்வதைச் செம்மையாகச் செல்ல வேண்டும் என்று முடிவு செய்தோம்.

சீனத்தில் பெய்ஜிங், ஷாங்காய் போன்ற புகழ்மிக்க நகரங்கள் இருக்க, சுவான்சௌவைத் தேர்ந்தது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை எங்கள் ஊருக்கு அண்மையிலேயே இருக்கிறது. மேலூருக்கு அருகே மாங்குளம் குன்றில் தமிழ்ப் பிராமி எழுத்தில் அமைந்த பழங்கல்வெட்டுக்கள் உள்ளன. அவை கி.மு. இரண்டாம் நூற்றாண்டை ஒட்டியவை என்று அறிஞர் கணிப்பர். அவற்றில் வெள்ளறை என்னும் ஊரின் நிகமத்தார், அதாவது வணிகக் குழுவினர், குறிப்பிடப்படுகின்றனர். எங்கள் ஊர்ப்பக்கத்துப் பிரான்மலைக் கோயிலில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நீண்டதொரு கல்வெட்டு இருக்கிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் பெரும் வணிகக் குழுவினரும் பல நகரத்தாரும் கூடி, தம் சரக்குப் பொதிகளின்மேல் கோயிலுக்கு ஒரு பங்கு அளிக்க உடன்பட்ட செய்தியை அது கூறும். உப்பு, நெல், மிளகு, பாக்கு, நூல், புடவை, இரும்பு என்று தொடங்கி யானை, குதிரை வரையில் சரக்குக்களின் பெயர்கள் அதில் வரிசையாக வருகின்றன. கடலே காணாத இந்த வறண்ட நிலப்பகுதி, கடல் வாணிகத்தோடு கொண்டிருந்த உறவுக்கு அக்கல்வெட்டு சான்றாகும்.

அந்த வணிகக் குழுவினர் நம் நாட்டெல்லையோடு நின்றாரல்லர். சுமத்திராத் தீவின் மேற்குக் கரையில் பாருசு என்னும் இடத்தில், சக ஆண்டு 1010க்கு, அதாவது கி.பி. 1088க்கு உரிய ஐந்நூற்றுவர் தமிழ்க் கல்வெட்டுக் கிடைத்துள்ளது. அதற்கும் முற்பட்டதாக, 9ஆம் நூற்றாண்டில், தாய்லாந்தின் தக்குவாபாவில் மணிக்கிராமத்தார் பெயர் கூறும் தமிழ்க் கல்வெட்டு உண்டு. இவ்வரிசையில் கிழக்குக் கோடியில் நிற்பது சுவான்சௌக் கல்வெட்டு. அதன் காலம் சக ஆண்டு 1203 சித்திரைத் திங்கள், கி.பி. 1281 ஏப்பிரல் எனக் கொள்க. சம்பந்தப் பெருமாள் என்னும் தவச்சக்கரவர்த்தி, கானின் ஆணையைப் பெற்று, அவருடைய உடல்நலம் வேண்டித் திருக்கதலீச்சரத்து இறைவனை எழுந்தருளுவித்தார் என்பது அதன் செய்தி. தமிழ் வரிகளின் இறுதியில் சீன எழுத்திலும் ஒரு வரி பொறிக்கப்பட்டிருக்கிறது. அப்போது சீனத்தை ஆண்டவர் மங்கோலியப் பேரரசர் குப்ளாய்கான். மதுரையில் ஆட்சி செய்தவர் மாறவர்மன் குலசேகர பாண்டியர். பிரான்மலையில் வணிகர் கல்வெட்டுப் பொறித்த அதே நூற்றாண்டில், சீனக் கடற்கரையில் ஒரு தமிழர் சிவன் கோயிலில் கல்வெட்டுப் பொறித்தார் என்பதை எண்ணும்போது, அந்த நகரை நேரில் காணாமல் இருக்க எங்களால் இயலவில்லை.

அதே 1281ஆம் ஆண்டில் மற்றொரு நிகழ்ச்சியும் நடந்தது. குப்ளாய்கானின் தூதர் யாங் திங்பி என்பவர் சுவான்சௌவிலிருந்து கப்பலேறிக் கொல்லம் நோக்கிப் புறப்பட்டார். மூன்று மாதம் கடலில் சென்று இலங்கையை அடைந்தார். அங்கே காற்று எதிராக வீசியது, உணவும் குறைந்தது. ஆகவே கப்பலோட்டிகளின் சொற்படி பாண்டிய நாட்டுக் கரையில் இறங்கி, தரைவழியாகக் கொல்லம் செல்ல முயன்றார். பேரரசரின் தூதரேயாயினும் காற்றின் ஆணைக்கு அடங்கித்தான் ஆகவேண்டும். பயணத் திட்டத்தில் காலத்துக்கு முதலிடம் தரவேண்டும் என்று நான் கூறியதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேறு வேண்டுவதில்லை.

இனி, அக்காற்றின் இயல்பைச் சிறிது காண்போம். நிலம் விரைவில் சூடேறும், விரைவில் குளிரும். கடல் மெல்லச் சூடேறும், மெல்லக் குளிரும். கோடையில் ஆசியப் பெருநிலம் கொதிக்க, அதன்மேல் உள்ள காற்று இலேசாகி மேலெழுகிறது. அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து தென்மேற்குக் காற்று வீசுகிறது. நம் மீனவர் அதனைக் கச்சான் என்பர். குளிர்காலத்தில் பெருநிலம் குளிர்ந்துவிட, காற்றுத் திசை மாறி வடகிழக்கிலிருந்து வருகிறது. அது வாடை. தமிழகத்துக் கப்பல்கள் தென்மேற்குக் காற்றைத் துணையாகக் கொண்டு கிழக்கே சென்றன; தென்சீனக் கடலில் வடக்கு நோக்கி ஏறிக் கோடையில் சீனத் துறைமுகங்களை அடைந்தன. திரும்புவதற்கோ வடகிழக்குக் காற்று வேண்டும். அது கார்த்திகை, மார்கழியில்தான் நன்கு வலுக்கும். இடையில் உள்ள ஆவணி, புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் வணிகன் செய்வதற்கு உரியது ஒன்றே. சரக்கை விற்று, புதுச் சரக்கு வாங்கி, காற்றுக்காகக் காத்திருத்தல்.

இந்தக் காத்திருப்பை நீங்கள் சிறப்பாக மனத்தில் கொள்ளவேண்டும். ஓர் ஊரில் சில நாள் தங்குபவனுக்குச் சத்திரம் போதும். பல மாதம் தங்குபவனுக்கு வீடு வேண்டும், தன் மொழி பேசும் அக்கம்பக்கம் வேண்டும், வழிபடக் கோயில் வேண்டும். சுவான்சௌவில் தமிழர் கோயில் எழுந்ததற்கும், அராபியர் பள்ளிவாசல் எழுந்ததற்கும் இதுவே பெரிதும் காரணம் எனலாம். முதலாம் இராசராசன் அனுப்பிய தூதுக்குழு 1015இல் சீனப் பேரரசரின் அவையை அடைந்தது. வழியில் அவர்களுக்கு ஏறத்தாழ மூன்றாண்டு கழிந்தது. அதனுள்ளும் கடலில் சென்ற நாள் எத்துணை, துறைகளில் காத்திருந்த நாள் எத்துணை என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். பின்னர் 1033இலும் 1077இலும் சோழ நாட்டிலிருந்து தூதுக்குழுக்கள் சென்றன. 1077இல் சென்றவர் 72 பேர்.

சுவான்சௌ நகருக்கு அருகில் சியூரி என்னும் மலையில், நல்ல காற்று வேண்டி அரசு அதிகாரிகள் வழிபாடு நடத்திய செய்திகள் பாறையில் பொறிக்கப்பட்டுள்ளன. 1174 முதல் 1266 வரை உள்ள காலத்தைச் சேர்ந்த இத்தகைய பத்துக் கல்வெட்டுக்கள் அங்கே எஞ்சியுள்ளன. கப்பல் வரும் பருவத்துக்கும் செல்லும் பருவத்துக்குமாக ஆண்டில் இருமுறை அவ்வழிபாடு நடந்தது. வணிகத்தால் அரசுக்கு வரும் சுங்கம் காற்றைப் பொறுத்தது. ஆகவே காற்றுக்கு வழிபாடு நடத்துவதும் அரசின் கடமையாயிற்று.

நிற்க. இலையுதிர் காலத்தின் தொடக்கம் என்று வெளிநாட்டார் கூறும் பருவம் யாது? நம் முன்னோர் ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறாகப் பகுத்தனர். இதனுள் இலையுதிர் காலம் என்று ஒரு பருவம் இல்லை. காரணம் எளிது. கொட்டாம்பட்டி நிலநடுக்கோட்டிற்கு வடக்கே சுமார் 10 பாகையில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரத்துக்குச் சற்றே மிகுதி. பெய்ஜிங் சுமார் 40 பாகையில் உள்ளது. அங்கே நெடும்பகல் 15 மணி நேரம், குறும்பகல் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேல். பகல் குறையக் குறைய நிலம் குளிர்கிறது. மரங்கள் இலையைச் சிவக்கச் செய்து உதிர்க்கின்றன. சுவான்சௌ இவ்விரண்டுக்கும் இடையில், கடகக் கோட்டிற்குச் சற்று வடக்கே, சுமார் 25 பாகையில் உள்ளது. ஆகவே செந்நிற இலைகளைக் காண விரும்புவோர் அக்டோபர்க் கடைசியில் பெய்ஜிங்கின் நறுமண மலைக்குச் செல்லவேண்டும்; சுவான்சௌவில் அந்நாளில் மரங்கள் பச்சையாகவே நிற்கும். இலையுதிர் காலம் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு சீனம் முழுவதும் ஒரே தட்பவெப்பம் நிலவும் என்று எண்ணிக் கம்பளிச் சட்டைகளைப் பெட்டியில் திணிப்பது வீண் சுமையாகும்.

சீனர் தம் பழைய நாட்காட்டியில் ஆண்டை 24 சிறு பருவங்களாகப் பகுத்துள்ளனர். ஆகஸ்டு 7 அல்லது 8இல் கூதிர்த் தொடக்கம். அதன்பின் வெப்ப முடிவு. செப்டம்பர் 7 அல்லது 8இல் வெண்பனித்துளி. செப்டம்பர் 23ஐ ஒட்டிப் பகலும் இரவும் ஒத்த நாள். அக்டோபர் 8ஐ ஒட்டிக் குளிர்பனித்துளி. இப்பெயர்கள் வட சீனத்து உழவரின் அனுபவத்தில் பிறந்தவை. தெற்கே உள்ள சுவான்சௌவில் செப்டம்பரிலும் வெப்பம் நம் ஊர் வெப்பத்துக்கு இணையாகவே இருக்கும். அக்டோபரில்தான் காற்று இதமாகும், மழையும் குறையும்.

இவற்றை அறிந்தபின், எந்த வாரத்தில் செல்வது என்னும் வினாவுக்கு வந்தோம். பள்ளியில் நான் மாணவர்க்குக் கற்பித்த முறைப்படியே ஒரு தாளில் கட்டங்கள் வரைந்து, வாரங்களை ஒரு பக்கத்திலும் நன்மை தீமைகளை எதிர்ப்பக்கத்திலும் எழுதினோம்.

முதலாவது, செப்டம்பர் முதல் பாதி. அப்போது கட்டணம் குறைவு, கூட்டமும் குறைவு. ஆனால் அது புயற்பருவம். மேற்குப் பசிபிக் கடலில் எழும் புயல்களைத் தைபூன் என்பர். வங்கக் கடலில் எழும் புயலும் அதுவும் இயல்பால் ஒன்றே. பெயரும் பருவமும் வேறு. நம் கரையைப் புயல் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் தாக்கும். 2018 நவம்பர் 16இல் வேதாரண்யம் அருகே கரைகடந்த கஜாப் புயலை நீங்கள் அறிவீர்கள். சீனத்தின் தென்கிழக்குக் கரைக்கோ ஜூலை முதல் செப்டம்பர் வரையே பேரச்சம் மிகுதி. 2023 ஜூலை 28இல் தொக்சூரிப் புயல் சுவான்சௌவைச் சேர்ந்த சின்சியாங் பகுதியிலேயே கரையேறியது. 2016 செப்டம்பர் 15இல் மெராந்திப் புயல் அண்டை நகரமாகிய சியாமெனைத் தாக்கியது. 1145இல் கட்டப்பெற்று, சுவான்சௌவைச் சேர்ந்த யோங்சுன் பகுதியில் 871 ஆண்டு நின்ற தொங்குவான் பாலத்தை அன்று வெள்ளம் சிதைத்துவிட்டது. அந்நாள் சீனர்களின் நடுக்கூதிர்த் திருவிழா நாளுமாகும். ஊரே விழாக் கொண்டாட வேண்டிய நாளில் விளக்கின்றி இருந்தது. ஆதலின் இந்தக் கட்டத்தில் குறுக்குக் கோடிட்டோம்.

இரண்டாவது, செப்டம்பர் இரண்டாம் பாதி. நடுக்கூதிர்த் திருவிழா பெரும்பாலும் இப்பகுதியில் வரும். சீனரின் எட்டாம் சந்திர மாதத்து முழுநிலா நாள் அது. நம் கணக்கில் ஆவணி இறுதியிலோ புரட்டாசியிலோ அமையும். 2024இல் செப்டம்பர் 17, 2025இல் அக்டோபர் 6 என்று ஆண்டுக்கு ஆண்டு அது நகரும். உறவினர் ஒன்றுகூடி நிலவைப் பார்த்து, நிலாப் பணியாரம் பகிர்ந்துண்ணும் இனிய நாள். காணத்தக்கதே, எனினும் புயலச்சம் அறவே நீங்கிவிடுவதில்லை.

மூன்றாவது, அக்டோபர் முதல் வாரம். மக்கள் சீனக் குடியரசு 1949 அக்டோபர் 1இல் நிறுவப்பெற்றது. அந்நாளை ஒட்டி நாடு முழுவதற்கும் ஒருவார விடுமுறை. கோடிக்கணக்கான மக்கள் ஒரே காலத்தில் ஊர்திகளில் ஏறுவர். இரயில் சீட்டு அரிது. விடுதிக் கட்டணம் மிகுதி. கோயில் வாயிலில் தோளோடு தோள் உரசும் நெரிசல். முழங்கால் வலியுள்ளோர்க்கு அது தகாது. ஆனால் இங்கே ஓர் இடர்ப்பாடு நேர்ந்தது. தமிழகப் பள்ளிகளின் காலாண்டு விடுமுறையும் பெரும்பாலும் இதே நாள்களில் வருகிறது. எங்கள் ஆசிரியைக்கு இயல்பாக ஓய்வு கிடைப்பது அப்போதுதான். பயண ஏற்பாட்டாளர் ஒருவரும், ஆசிரியர் குழுக்கள் எல்லாம் அந்த வாரத்தில்தான் செல்கின்றன, நீங்களும் செல்லுங்கள் என்றே வற்புறுத்தினார்.

நான்காவது, அக்டோபர் 8க்குப் பின் வரும் பத்து நாள்கள். கூட்டம் கலைந்துவிடும், புயலச்சம் பெரிதும் தணியும், வெயில் கொடாது. நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை வலுக்குமுன்னரும், பெரும்பாலும் தீபாவளிக்கு முன்னரும் திரும்பிவிடலாம். எல்லா வகையாலும் இதுவே ஏற்றது. ஆனால் பள்ளி நடக்கும் காலம்.

மூவர்க்கு ஏற்ற வாரம் நால்வர்க்கு ஏற்கவில்லை. அவரை விட்டுச் செல்வோமா, அவருக்காக நெரிசலில் செல்வோமா என்று நெடுநேரம் ஆராய்ந்தோம். "ஐயா, நீங்கள் மூவரும் போய்வாருங்கள்; நான் படத்தில் பார்த்துக்கொள்கிறேன்" என்று அவர் கூறினார். எங்களுள் கல்வெட்டு எழுத்தைப் படிக்க முறையாகப் பயின்றவர் அவர் ஒருவரே. வழியறிந்தவரை வீட்டில் விட்டுச் செல்வதில் பொருளில்லை. ஈட்டிய விடுப்பு எடுப்பதென்றும், அரசு ஊழியர் வெளிநாடு செல்லத் துறையின் முன் அனுமதி பெறவேண்டும் ஆதலால் அதற்கான விண்ணப்பத்தைச் சித்திரை மாதத்திலேயே கொடுப்பதென்றும், தம் வகுப்புப் பாடங்களை முன்னதாகவே முடித்துவிடுவதென்றும் அவர் ஒப்பினார். அனுமதி கிடைக்கும் வரையில் விமானச் சீட்டு வாங்குவதில்லை என்று நாங்களும் ஒப்பினோம். ஆகவே நான்காவது கட்டத்தில் சரிக் குறியிட்டோம்.

அடுத்து வழி. சுவான்சௌ, குவாங்சௌ என்னும் இரு நகரங்களும் சீனத்தின் தென்பகுதியிலேயே உள்ளன. ஆங்கில எழுத்தில் எழுதினால் முதலெழுத்தும் இடையில் ஓரெழுத்துமே வேறுபடும். சீட்டு வாங்குங்கால் இவ்விரண்டையும் மயங்காமல் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். இந்தியாவுக்கும் சீனத்துக்கும் இடையே 2020இல் நின்றுபோன நேர் விமானப் போக்குவரத்து 2025 அக்டோபரில் கொல்கத்தா–குவாங்சௌ வழியில் மீண்டும் தொடங்கியது. குவாங்சௌ சென்று, அங்கிருந்து விரைவு இரயிலில் சுவான்சௌ அடைவது ஒரு வழி. மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ சிங்கப்பூர் சென்று, அங்கிருந்து சியாமெனில் இறங்கி, அண்மையில் உள்ள சுவான்சௌவுக்கு இரயிலில் செல்வது மற்றொரு வழி. எங்கள் ஊர் இவ்விரு நகரங்களுக்கும் இடைப்பட்ட பெருவழியில் உள்ளதால் இரண்டாவது வழியே எங்களுக்கு இசைந்தது. யாங் திங்பிக்கு மூன்று மாதம் பிடித்த தொலைவை நாம் ஓரிரு நாளில் கடக்கிறோம்.

கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதமாவது செல்லத்தக்கதாக இருத்தல் வேண்டும். இந்தியக் குடிமக்கள் சீனம் செல்ல முன்னரே நுழைவிசைவு பெறவேண்டும். விடுதியில் தங்கினால் அயலார் வருகையை விடுதியாரே காவல் நிலையத்தில் பதிந்துவிடுவர்; தனியார் இல்லத்தில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் நாமே பதியவேண்டும். அந்நாட்டில் சிறுகடைக்காரரும் கைப்பேசி வழியாகவே பணம் பெறுகின்றனர். அலிபே, வீசாட் என்னும் செயலிகளில் வெளிநாட்டு வங்கி அட்டையை இணைக்கும் வசதி உண்டு. அதை இங்கிருந்தே செய்துகொள்வது நன்று. நாம் இங்கே பழகிய தேடுபொறியும் வரைபடமும் அங்கே திறவா. ஆகவே நகர வரைபடத்தைத் தாளில் அச்சிட்டு எடுத்துச் செல்லுதல் நலம். சீனம் முழுவதற்கும் ஒரே கடிகார நேரம். நம்மைவிட இரண்டரை மணி முந்தியது. நம் ஊரில் நண்பகல் என்றால் அங்கே பிற்பகல் 2.30. புலால் உண்ணாதார், தம் உணவு முறையைச் சீன எழுத்தில் ஒரு சீட்டில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பௌத்த மடங்களை ஒட்டிய உணவகங்களில் மரக்கறி உணவு கிடைக்கும்.

இனி, அங்கே காண வேண்டியவை யாவை? 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி சுவான்சௌ ஆட்சிப் பகுதியில் வாழ்வோர் சுமார் 88 இலட்சம் பேர். சோங், யுவான் அரசர் காலத்து உலக வாணிகத் துறைமுகம் என்னும் சிறப்பால் 2021இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அதனுள் 22 இடங்கள் அடங்கும். அவற்றுள் தலையாயது, 686இல் தோன்றிய கையுவான் பௌத்தக் கோயில். 13ஆம் நூற்றாண்டில் கல்லால் எழுப்பிய இரு கோபுரங்கள் அங்கே நிற்கின்றன. பெருமண்டபத்தின் பின்புறத்தில் உள்ள இரு தூண்களை நாம் நின்று நோக்கவேண்டும். கண்ணன் மருத மரங்களைச் சாய்ப்பதும், நரசிங்கம் இரணியனை வதைப்பதும் அவற்றில் செதுக்கப்பட்டுள்ளன. இடிந்துபோன ஓர் இந்துக் கோயிலின் தூண்களே, பிற்காலத்தில் பௌத்தக் கோயிலைப் புதுப்பித்தபோது அங்கே இடம்பெற்றன. 1959இல் தொடங்கிய கடல்சார் அருங்காட்சியகத்திலும் இத்தகைய சிற்பங்கள் உள்ளன. சிவலிங்கத்தை யானை வழிபடும் சிற்பத்தைக் காணும் தமிழர்க்குத் திருவானைக்கா நினைவுக்கு வரும். சீனத்தில் அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் திங்கட்கிழமை மூடப்படும். சிற்பங்களையும் கல்வெட்டுக்களையும் அவ்வப்போது இடம் மாற்றுவதும் உண்டு. எனவே எந்தக் கல் எப்போது எங்கே காட்சிக்கு உள்ளது என்று எழுதிக் கேட்டு, விடை பெற்றபின் நாளை வகுப்பது அறிவுடைமை.

1009இல் தோன்றிய சிங்சிங் பள்ளிவாசலும் அந்நகரில் உள்ளது. 1974இல் அகழ்ந்தெடுத்த சோங் காலக் கப்பல் ஒன்றும் காட்சிக்கு உண்டு. நகருக்கு அருகில் செடியன் என்னும் சிற்றூரில், நம் நாட்டுச் சாயலுள்ள ஒரு பெண் தெய்வச் சிலையை, குவான்யின் என்னும் தம் அருள்தெய்வமாகக் கருதி ஊரார் வழிபட்டு வருகின்றனர். பழைய அராபியரும் ஐரோப்பியரும் சுவான்சௌவைச் சைத்தூன் என்றனர். அந்நகரில் மிகுதியாக நட்ட ஒரு செம்பூ மரத்தின் சீனப் பெயரின் திரிபே அது. அம்மரம் வேறன்று, நம் வேலியோரங்களிலும் வெற்றிலைக் கொடிக்கால்களிலும் நிற்கும் கலியாண முருங்கையேயாகும்.

இத்துணைச் சிறப்புற்ற தமிழர் குடியிருப்பு பின்னர் என்னவாயிற்று? 1357 முதல் 1366 வரை அந்நகரில் அயல்நாட்டுப் படைவீரரின் கலகம் நடந்தது. அதன் இறுதியில் அயலார் பலர் கொல்லப்பட்டனர். 1371இல் மிங் அரசர் தனியார் கடல் வாணிகத்தைத் தடைசெய்தனர். கப்பல் வராத துறையில் காத்திருப்போர் யார்? கோயில் பாழடைந்தது, கற்கள் மதிலுக்கும் மண்டபத்துக்கும் சென்றன. நம் நாட்டிலும் இதற்கு இணையான செய்தி உண்டு. நாகப்பட்டினத்தில் சீனக் கோபுரம் என்று மாலுமிகள் சுட்டிய பழம் பௌத்தக் கட்டடம் 1867இல் இடித்து அகற்றப்பட்டது. இராமநாதபுரத்துப் பெரியபட்டினத்தில் 1987இல் அகழ்ந்தபோது, 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் மிகுதியாகக் கிடைத்தன. அங்கே தமிழ்க் கல். இங்கே சீன ஓடு. இரண்டையும் ஒருசேர வைத்துப் படிப்பவர்க்கே அக்கடல் வழி முழுமையாக விளங்கும்.

மாணவர்களே, உங்களுள் பலர்க்குச் சீனப் பயணம் இப்போது கைகூடாமற் போகலாம். அதற்காகக் கவலற்க. ஒரு விடுமுறை நாளில் பிரான்மலைக்குச் சென்று, அந்த வணிகர் கல்வெட்டில் எத்தனைச் சரக்கின் பெயரை உங்களால் படிக்க முடிகிறது என்று பாருங்கள். மதுரை அருங்காட்சியகத்துக்கும் ஒருமுறை சென்று வாருங்கள். வீட்டில் ஒரு தாளில் கட்டம் வரைந்து, ஏதேனும் ஒரு தொலைநகரைத் தேர்ந்து, அதன் காற்று, மழை, திருவிழா, வழி, செலவு ஆகியவற்றை எழுதுங்கள். விடை தெரியாத கட்டங்களை வெற்றாக விடாமல், யாரைக் கேட்டால் தெரியும் என்று அதில் குறியுங்கள். எங்கள் தாளில் இன்னும் ஒரு கட்டம் நிரம்பவில்லை. அது ஆசிரியையின் அனுமதிக் கட்டம். அது நிரம்பியதும், புரட்டாசி இறுதியில் நால்வரும் புறப்படுவோம். அந்தக் கல்லின் தமிழ் வரிகளை அவர் எங்களுக்குப் படித்துக் காட்டுவார். கடைசியில் உள்ள சீன வரியைப் படித்துச் சொல்ல அவ்வூர் மாணவர் ஒருவரை நாடவேண்டும்.